மாமரம் கோவித்துக்கொள்ளும் வருஷம்

அந்தக் காலத்தில், மரமும் செடியும் அணிலும் ஓணானும் மனுஷரோடு சரிக்குச் சரி பேசிக்கொண்டிருந்த காலத்தில், உலகத்தில் மாமரம் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் காய்க்காத மரம். மற்ற மரங்களிடம் பேச்சும் உண்டு, காயும் உண்டு. பனை விடிந்தது முதல் ஊர்வம்பு பேசும், ஆனாலும் நுங்கு தரும். புளி எதற்கெடுத்தாலும் சலித்துக்கொள்ளும், ஆனாலும் ஒரு உலுக்கு உலுக்கினால் மடி நிறையப் பழம் உதிர்க்கும். மாமரம் மட்டும் பேசும், சிரிக்கும், தண்ணீர் குடிக்கும், தழைக்கும். அதோடு சரி.

அந்த மரம் நின்றது ஒரு மலையடிவாரத்தில். அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு ஐப்பசி வெள்ளத்தில் எங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்து, இரண்டு பாறைக்கு நடுவே மாட்டிக்கொண்டு, "குளிருது, குளிருது" என்று அழுதுகொண்டிருந்தது ஒரு சின்னக் கன்று. விறகுக்குப் போன சிலம்பாயி காதில் அது விழுந்துவிட்டது. காதில் விழுந்த பிறகு எப்படி விட்டுவிட்டு வருவது? முந்தானையில் சுற்றி எடுத்துவந்து, வீட்டுக்கு மேற்கே குழி பறித்து நட்டாள். மண்ணை அணைத்துவிட்டு எழுந்திருக்கும்போது கன்று அவளை "ஆத்தா" என்று கூப்பிட்டது. அந்த ஒரு வார்த்தையில் சிலம்பாயி விழுந்துவிட்டாள்.

அவளுக்குப் பிள்ளை இல்லாத குறை கிடையாது. வீட்டில் நாலு பிள்ளைகள். நாலும் ஒரே நேரத்தில் கத்தும், ஒன்றுகூட அவள் சொன்னதைக் கேட்காது. புருஷன் மாயழகு நல்லவன்தான், ஆனால் வாயைத் திறப்பது அவனுக்கு மூட்டை தூக்குகிற வேலை மாதிரி. "சோறு போடவா?" என்றால் தட்டை எடுத்து வைப்பான், அதுதான் பதில். மாமரம் அப்படி இல்லை. "இன்னிக்கு இடுப்பு விட்டுப்போச்சுடா" என்று அவள் சொன்னால், "ஏன் ஆத்தா, நேத்து நெல்லு குத்துனதுலயா? செத்த நேரம் என் நிழல்ல சாஞ்சு உக்காரு" என்று கேட்கும். ஒரு நாளில் அவளை ஏன் என்று கேட்கிற ஒரே வாய் அதுதான். அப்படி ஒரு வாய்க்கு யார்தான் தண்ணீர் சுமக்க மாட்டார்கள்?

சுனை மலைமேல் இருந்தது. சிலம்பாயி வெயில் ஏறுமுன் போய், இடுப்பில் ஒரு குடமும் தலையில் ஒரு குடமுமாக இறங்கிவருவாள். முதல் குடம் மரத்துக்கு. இரண்டாவது குடத்திலும் மரத்துக்குப் போக மிச்சம் இருந்தால்தான் வீட்டுக்கு. மழைக்காலத்திலும் ஊற்றினாள். "மழைத்தண்ணி பிடிக்கல ஆத்தா, ருசியே இல்ல" என்று அது சொல்லிவிட்டது, என்ன செய்வாள் பாவம்! மார்கழியில் சுனைத்தண்ணீர் சில்லென்று இருக்கிறது என்று மரம் முகம் சுளித்தால், குடத்தை வெயிலில் வைத்துச் சூடேற்றி ஊற்றினாள். ஆட்டு எரு, மாட்டு எரு, அடுப்புச் சாம்பல் எதுவும் வேறு செடிக்குப் போனதில்லை. மரமும் வஞ்சனையில்லாமல் வளர்ந்தது. அடிமரம் இரண்டு பேர் கை கோத்தாலும் எட்டாத பருமன். இலையோ ஒன்றன் மேல் ஒன்றாக, கீழே நின்றால் பகலிலேயே அந்தி மாதிரி இருக்கும். அப்போதெல்லாம் மாந்தளிர் பிறக்கும்போதே நல்ல பச்சையாகப் பிறக்கும், நிமிர்ந்து நிற்கும். அதற்குக் கவலை என்றால் என்னவென்று தெரியாதே.

ஊரில் சொந்தபந்தமாக ஏழெட்டு வீடுகள். சுனை எல்லோருக்கும் பொது. தண்ணீர் நிறைய இருந்தவரைக்கும் யாரும் எதுவும் சொல்லவில்லை, பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். ஆளுக்கொரு யோசனையும் சொன்னார்கள். காய்க்காத மரத்தைக் கண்டால் யோசனை சொல்லாமல் தாண்டிப்போக மனுஷரால் முடியாது. ஒருத்தி பிய்ந்த செருப்பைக் கட்டித் தொங்கவிடச் சொன்னாள், வெட்கப்பட்டுக் காய்க்குமாம். தொங்கவிட்டார்கள். "இது என்ன ஆத்தா, ஊஞ்சலா?" என்று மரம் கேட்டது. இன்னொருத்தர் அடிமரத்தில் வைக்கோல் புரி சுற்றச் சொன்னார். சுற்றினார்கள். கதகதப்பாக இருக்கிறது என்று அது தூங்கிவிட்டது. இன்னும் எரு போட்டுப் பார் என்றார்கள், இன்னும் போட்டாள். இன்னும் தழைத்தது.

பிறகு ஒரு வருஷம் ஐப்பசி மழை பொய்த்தது. கார்த்திகையிலும் தூறலோடு போய்விட்டது. சுனையில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கியது. வீட்டுக்கு இத்தனை குடம் என்று முறை வைத்தார்கள். அப்படி முறை வைக்கும்போதுதான், ஊருக்குத் தலைவராக இருந்த அம்பலம் பெரியாண்டி, நியாயமான மனுஷர், மாயழகு வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏத்தா சிலம்பாயி, கோவிச்சுக்காத. ஒன் மரம் ஒரு வீட்டுத் தண்ணியைக் குடிக்குது. ஒரு வீட்டுக்கு ஒதுக்குறதை மரத்துக்கு ஒதுக்குனா, நாளைக்கு எந்த வீட்டுப் பிள்ளையைத் தவிக்க விடுறது, நீயே சொல்லு."

"என் பங்குல ஊத்திக்கிறேன், அம்பலம்."

"ஒன் பங்குன்னா ஒன் நாலு பிள்ளைகளுக்குத்தான? அதுக நாக்கு வறளுறதை நாங்க பாத்துக்கிட்டு இருக்க முடியாது. காய்ச்சாலாவது ஊருக்கு ஒரு வாய் ஆகும்னு சமாதானம் சொல்லலாம். சித்திரை வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள ஒரு காய் கண்ணுல பட்டா மரம் நிக்கட்டும். இல்லாட்டி வெட்டி மாட்டுக்குத் தண்ணித்தொட்டி செதுக்குவோம். என்ன மாயழகு?"

மாயழகு தலையை ஆட்டினான். ஆமாம் என்று ஆட்டினானா, ஐயோ என்று ஆட்டினானா என்று தெரியவில்லை.

சிலம்பாயி அன்றைக்குச் சாயங்காலம் மரத்தடியில் போய் நின்றாள். சொல்ல வந்ததைச் சொல்ல முடியவில்லை. சுற்றி வளைத்துக் கேட்டாள்.

"ஏன்டா ராசா, ஒனக்கு ஒரு பூவு பூக்கணும், ஒரு காய் காய்க்கணும்னு தோணவே தோணாதா?"

"எதுக்கு ஆத்தா?" மரத்துக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "காய்னா அதுக்குள்ள கொட்டை இருக்கும், கொட்டையில இருந்து இன்னொரு மரம் வரும், அதான? இன்னொரு மரம் எதுக்கு? நான் இருக்கேன்ல. நீ இருக்க. தண்ணி இருக்கு. இது போதாதா?"

இது போதாதா என்று கேட்கிற பிள்ளையிடம் என்ன சொல்வது? தண்ணீர் ரொம்பச் சில்லென்று இல்லையே என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் விறகுக்கு மலை ஏறினாள். கால் ஏறியதே தவிர மனசு கீழே மரத்தடியில் கிடந்தது. போகப் போக, இதுவரை போகாத ஒரு மொட்டைப் பாறைக்கு வந்துவிட்டாள். வெயிலில் பாறை வெள்ளையாகக் கண்ணைக் கூச வைத்தது. மண் என்று சொல்ல ஒரு பிடிகூட இல்லாத அந்த இடத்தில், பாறை வெடிப்பில் ஒரு நெல்லிமரம் நின்றது. வளைந்து, முறுகி, ஒரு ஆள் உயரம்கூட இல்லை. ஆனால் கிளை பூராவும் காய். இலை இருக்கிற இடத்திலெல்லாம் காய். சிலம்பாயி விறகை மறந்து, அதன் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன அப்படிப் பாக்குற? வேணும்னா பறிச்சுத் தின்னு" என்றது நெல்லி. குரலும் துவர்ப்பாகத்தான் இருந்தது.

"ஒனக்கு யாரு தண்ணி ஊத்துறா?"

நெல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் நாலைந்து காய்கள் பாறையில் உருண்டன. "எனக்கா? நல்லா கேட்ட போ. மழை வந்தா குடிப்பேன். வராட்டி வேரை இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளுவேன். மாசி வந்துட்டா பாறை கொதிக்கும், இருக்குற இலையும் கொட்டிப்போகும். அப்ப எனக்கு ஒரு பயம் வரும் பாரு, இத்தோட முடிஞ்சுது நம்ம கதைன்னு. அந்தப் பயத்துலதான் எனக்குப் பூவு வர்றது."

"பயத்துலயா பூவு வருது?"

"பின்ன? நாம போயிட்டா நமக்கப்புறம் யாருன்னு தோணுமா தோணாதா? தோணுனாத்தான் பூக்கும். ஆமா, நீ யாரு? அந்த அடிவாரத்துப் பச்சைக் குண்டனுக்குத் தண்ணி சுமக்குறவளா? அணில் சொல்லும். அதுக்கு எதுக்குப் பூவு? சாவுன்னா என்னன்னே தெரியாம வளத்து வச்சிருக்க."

குண்டன் என்றது சிலம்பாயிக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அது சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. உருண்ட காயில் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். "அப்ப, தண்ணியை நிறுத்தணுமா?"

"மழை ஓஞ்சதுல இருந்து பூவு வர்ற வரைக்கும்."

"நிறுத்தப் போறேன்னு அதுகிட்டச் சொல்லிரட்டுமா?"

"சொன்னா எப்படிப் பயப்படும்? ஆத்தா விளையாட்டுக் காட்டுறான்னு காத்துக்கிட்டுக் கிடக்கும். காத்துக்கிட்டு இருக்குறதுக்குப் பூவு வராது."

"செத்துப் போயிருச்சுன்னா?"

காற்று வந்து அதன் சின்ன இலைகளைக் கலைத்துவிட்டுப் போயிற்று. "போனாலும் போகலாம்" என்றது நெல்லி. "எனக்குத் தெரியாது தாயி. நான் பாறையில பொறந்தவ. ஒன் பிள்ளை எம்புட்டுத் தாங்கும்னு நான் எப்படிச் சொல்றது?"

மார்கழி பிறந்தது. விடியற்காலையில் மலையிலிருந்து பனி இறங்கிவந்து வீடு, மாடு, பாதை எல்லாவற்றையும் மூடியது. அந்த வெள்ளைக்குள் மாமரம் மட்டும் ஒரு பெரிய கறுப்பாகத் தெரிந்தது. சிலம்பாயி சுனையிலிருந்து இறங்கிவந்தாள். பனிக்குள் அவள் காலடிச் சத்தம் கேட்டதுமே மரம் இலையைச் சிலுப்பிக்கொண்டது. "வந்துட்டியா ஆத்தா? இன்னிக்கு ஏன் இம்புட்டு நேரம்?"

அவள் நிற்கவில்லை. மரத்தைத் தாண்டி நேரே வீட்டுக்குள் போய்க் குடத்தை இறக்கினாள். இறக்கிவிட்டு அடுப்பங்கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வெளியே, "ஆத்தா? ஆத்தா, இங்கிட்டு நான் இருக்கேன்" என்று மரம் கூப்பிட்டது. தன்னைப் பனியில் அவள் பார்க்கவில்லை என்று நினைத்துவிட்டது அந்தப் பைத்தியம்.

மறுநாளும் அதே. அதற்கடுத்த நாள் கோபித்துக்கொண்டது. பிறகு கெஞ்சியது. சில்லென்று இருந்தாலும் பரவாயில்லை, மழைத்தண்ணீர் ஆனாலும் பரவாயில்லை என்றது. அதற்கு மேல் அணிலைத் தூது விட்டது. அணில் வந்து கூரை விளிம்பில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, "அத்தை, அதுக்கு நாக்கு வறளுதாம் அத்தை. தான் ஏதாவது தப்புச் செஞ்சிருந்தா சொல்லச் சொல்லுச்சு" என்றது. சிலம்பாயி அரிசியில் கல் பொறுக்குகிறவள் மாதிரிக் குனிந்துகொண்டாள். பதில் சொன்னால் உண்மை வெளியே வந்துவிடும் என்று அவளுக்குப் பயம். சுளகில் அரிசி நனைந்துபோனது.

ஊரில் வேறு விதமாகப் பேசினார்கள். "அவளே கைகழுவிட்டா, வெட்டுறது சுலபமாப் போச்சு" என்று ஒருத்தி சொன்னதை இவளும் கேட்டாள். பிள்ளைகள் நாலும், ஆச்சரியம் பாருங்கள், அன்றுமுதல் சத்தம் போடுவதை நிறுத்திவிட்டன. மரத்துக்கே தண்ணீர் இல்லை என்றால் நம் கதி என்ன என்று நினைத்திருக்கும்.

மரம் வாடியது. மினுமினுத்த இலையெல்லாம் சுருண்டது. அந்த நேரம் பார்த்துக் கொஞ்சம் தளிர்விட்டது. அதுவரை பச்சையாகவே பிறந்த தளிர், அழுது அழுது சிவந்த முகத்தோடு பிறந்தது. நிமிர்ந்து நிற்கவும் அதற்குத் தெம்பில்லை. கிளை நுனியில் துவண்டு தலைகீழாகத் தொங்கியது. சிலம்பாயி அதைப் பார்த்த அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை.

அவளைவிட அதிகமாக அதைத் தாங்க முடியாதவன் மாயழகு. அவன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, அவன்தான் சொல்ல மாட்டானே. ஒரு நாள் காலையில் அவள் கண் விழித்தபோது பக்கத்தில் அவன் இல்லை. மூலையில் குடமும் இல்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து ஓடினாள்.

பனிக்குள் அவன் மரத்தை நெருங்கிவிட்டிருந்தான். தோளில் குடம் ததும்பியது. தண்ணீர் வாசனை மரத்துக்கு எட்டிவிட்டது போலிருக்கிறது, அத்தனை இலையும் ஒரே பக்கம் திரும்பி நின்றது.

"வேண்டாங்க! ஊத்தாதீங்க!"

"புள்ள, அது சாகுது" என்றான் மாயழகு. அவன் அந்த மாசத்தில் பேசிய முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். "இம்புட்டு நாள் ஊட்டி வளத்துட்டு... நீ மனுசிதானா?"

அவன் குடத்தைச் சாய்த்தான். ஒரு குடம்தானே என்று அவளுக்கும் தோன்றியது, தோன்றாமல் இருக்குமா? ஆனால் இத்தனை நாள் அது பட்ட பாடெல்லாம் அந்த ஒரு குடத்தில் வீணாகிப்போகும். சித்திரையில் கோடாலி வரும். சிலம்பாயி பாய்ந்து குடத்தைப் பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் ஓங்கிப் பாதைப் பாறையில் போட்டு உடைத்தாள். தண்ணீர் மரத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சரிவில் ஓடி, பனிக்குள் மறைந்துபோனது.

மரம் மெதுவாகக் கேட்டது.

"ஆத்தா, அப்ப நெசமாவே என்னை விட்டுட்டியா?"

அவளால் இல்லை என்று சொல்ல முடியவில்லை, ஆமாம் என்றும் சொல்ல வாய் வரவில்லை. அங்கேயே ஓட்டாஞ்சில்லுக்கு நடுவில் நின்றாள். அதற்கப்புறம் மரம் பேசவில்லை. கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. அணிலைக்கூடத் தன் மேல் ஏறவிடவில்லை. மாயழகுதான் அவளைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனான். வழியெல்லாம் அவள் நெல்லி சொன்னதைச் சொல்லி அழுதாள். அவன் கேட்டுக்கொண்டே வந்தான்.

பிறகு வந்த நாட்கள் எப்படிப் போயின என்று சிலம்பாயியைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. பனி பெய்தது, வெயில் வந்தது, மறுபடி பனி பெய்தது. தூக்கத்தில் நடக்கிறவள் மாதிரிச் சுனைக்குப் போனாள், வந்தாள். பேச்சில்லாத மரத்தைத் தாண்டும்போது மட்டும் நடை தானாக மெதுவாகும். உயிர் இருக்கிறதா என்று அடிமரத்தில் காது வைத்துப் பார்க்க ஆசை வரும். வைக்க மாட்டாள். உள்ளே ஒன்றும் கேட்காவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான்.

தை பிறந்து சில நாள் ஆகியிருக்கும். விடிவதற்கு முன்னால் ஒரு வாசனை வந்து அவளை எழுப்பியது. தேன் மாதிரி, ஆனால் தேன் இல்லை. அதில் கொஞ்சம் புளிப்பும் கொஞ்சம் மண்ணும் கலந்திருந்தன. அதுவரை உலகத்தில் யாரும் அந்த வாசனையை மோந்ததில்லை. சிலம்பாயி கனவு என்று நினைத்துக்கொண்டே எழுந்து, வாசலைத் தாண்டி, பனிக்குள் நடந்தாள். மரம் முழுக்கப் பனி படிந்து வெள்ளை வெள்ளையாக இருந்தது. கிட்டப் போய்க் கையை நீட்டினாள். கையில் ஒட்டியது பனி இல்லை, பொடிப்பொடியாகப் பூ. நுனிக்கு நுனி கொத்துக் கொத்தாக மஞ்சளும் வெள்ளையுமாகப் பூ. வெயில் மெல்ல உள்ளே வந்தது. அதற்குள் ஈயும் தேனீயும் எங்கிருந்தோ தகவல் கேட்டு வந்து, மரம் பூராவும் ஒரே ரீங்காரமாகிவிட்டது. பல வருஷமாக ஊமையாகத் திரிந்த ஒரு கறுப்புக் குருவி உச்சியில் உட்கார்ந்து, தயங்கித் தயங்கிக் கூவிப் பார்த்தது. அதைத்தான் பிற்பாடு குயில் என்றார்கள்.

சந்தோஷம் வந்தால் மனுஷருக்கு நிதானம் போய்விடும். சிலம்பாயி ஓடிப்போய் வீட்டில் இருந்த ஒரு குடத்தையும் தூக்கிவந்து, "குடிடா என் சாமி, குடி" என்று கிழக்குப் பக்கத்து வேரில் கவிழ்த்துவிட்டாள். மறுநாள் பார்த்தால் கிழக்குப் பக்கத்துப் பூவெல்லாம் தரையில் கிடந்தது. பூவிருக்கும்போது தண்ணீர் கண்டதும், பயம் விட்டுப்போய் மரம் பூவை உதறிவிட்டது. அப்புறம் அவள் கையைக் கட்டிக்கொண்டு, பிஞ்சு ஒரு நெல்லிக்காய் அளவுக்குப் பருக்கும் வரைக்கும் பொறுத்தாள். பூத்த பின்னும் ஊற்றாமல் இருப்பது முன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது.

பிஞ்சிலும் பாதி உதிர்ந்தது. அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு அழுதாள். பிள்ளைகள் அதைப் பிடுங்கி உப்பைத் தொட்டுத் தின்று, "இன்னும் உதிராதா?" என்று அண்ணாந்து நின்றார்கள். பங்குனியில் அவள் மறுபடி தண்ணீர் சுமக்கத் தொடங்கினாள். தன் பங்கில் பாதியைத் தருவதாக அம்பலமே முன்வந்தார். மரம் தண்ணீரை மளமளவென்று குடித்தது. குடித்ததே தவிர வாய் திறக்கவில்லை.

சித்திரையில் பழுத்தது. முதல் பழத்தை அம்பலம் பெரியாண்டி கையில் வாங்கி, எப்படித் தின்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் விழித்து, தோலோடு கடித்தார். சாறு முழங்கை வழியே ஒழுகியது. நியாயமான அந்த மனுஷர் முழங்கையை நக்கினார். ஊரே பார்த்துச் சிரித்தது, பிறகு ஊரே நக்கியது. "இதையா தொட்டி செதுக்கப் பாத்தோம்!" என்று அவர் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். கொட்டையை வீட்டுக்கு ஒன்றாக ஊன்றச் சொன்னார்.

சிலம்பாயி மட்டும் தின்னவில்லை. ஒரு பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனாள். "ராசா, ஒன்னைக் கோடாலிக்குத் தப்ப வைக்கத்தான்டா செஞ்சேன்" என்றாள். "ஒரு வார்த்தை பேசுடா. திட்டவாவது செய்யி." மரம் பேசவில்லை. ஊர் பூராவும் இனித்த மரம் அவளுக்கு மட்டும் ஊமை. பழத்தை அவள் அடியிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

அடுத்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. மார்கழியில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு மறுபடி தண்ணீரை நிறுத்தினாள். தை வந்தது, மாசி வந்தது. மரத்தில் ஒரு பூ இல்லை. சிவந்த தளிர் மட்டும் தலை குனிந்து தொங்கியது. ஊர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். போன வருஷம் முழங்கையை நக்கியவர்கள்தான். "ஒரு காய்ப்போட ஓஞ்சுபோச்சு போல. இனி விறகுக்குத்தான் ஆகும்" என்று கோடாலியோடு வந்த ஒருவன் சொன்னான்.

சிலம்பாயி அடிமரத்தில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள். "ஓயல. அதுக்கு என் மேல கோவம். நான் செஞ்சதுக்கு அது ஒரு வருஷம் கோவிச்சுக்கக் கூடாதா? கோவிச்சுக்கட்டும். ஒங்க வீட்டுல கோவமே வராதா? வந்தா வெட்டியா போடுறீங்க? இந்த வருஷம் இது யாருக்கும் ஒண்ணும் தர வேண்டாம். சும்மா நிக்கட்டும்."

அம்பலம் கோடாலிக்காரனைத் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். எல்லோரும் போன பிறகும் அவள் முதுகை எடுக்கவில்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அத்தனை தடிப்பான அடிமரத்துக்குள் ஏதோ மெல்ல அசைவது அவள் முதுகுக்குத் தெரிந்தது.

"ஆத்தா" என்றது மரம்.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் அது நின்றுவிடும் என்று நினைத்தாள். கண்ணில் நீர் மட்டும் தானாக இறங்கியது.

"ஏன் ஆத்தா என்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ பயப்பட மாட்டியேன்னு..."

"இப்ப எனக்குத் தாகம்னா என்னன்னு தெரியும். இனிமே நீ சொன்னாலும் பயப்படத்தான் செய்வேன். சொல்லிட்டுச் செய்யி ஆத்தா. நீ தண்ணி தராட்டிக்கூடப் பரவால்ல. என்னை ஏறெடுத்துப் பாக்காமப் போன பாரு, அதுதான் தாங்கல."

"சொல்றேன்டா. இனிமே சொல்லாமச் செய்ய மாட்டேன்."

மரம் வெகுநேரம் யோசித்தது. அதற்குள் கடைசி வெளிச்சமும் மலைக்குப் பின்னால் போய்விட்டது. "சரி" என்றது. "அப்ப ஒரு வருஷம் ஒனக்காகப் பயந்துக்கிறேன். காய்க்கிறேன். மறு வருஷம் என்னைக் கேக்காத. அந்த வருஷம் நான் கோவமா இருப்பேன். நீ சும்மா வந்து இப்படிச் சாஞ்சு உக்காரு, போதும்."

அன்று முதல்தான் மாந்தளிர் பிறக்கும்போதே சிவந்து, துவண்டு தொங்குகிறது. அன்று முதல்தான் மழை ஓய்ந்ததும் மாமரத்துக்குத் தண்ணீரை நிறுத்தி, பிஞ்சு திரண்ட பிறகே ஊற்றுகிறோம். ஒரு வருஷம் கிளை ஒடியக் காய்த்த மரம் மறு வருஷம் வெறுமனே நிற்பதும் அன்று முதல்தான். அந்த வருஷம் அதனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை, அதன் நிழலில் மட்டும் போய் உட்கார்ந்துகொள்கிறோம்.